ஒருகை ஒடக்கான்

விலை எழுதி ஒட்டிய கடையில் வேலை பார்ப்பது, பேரம் பேசத் தெரிந்தவனைக் கையைக் கட்டிக் கிணற்றில் இறக்கிவிட்டது போல. சென்னியப்பன் இறங்கியிருந்த கிணறு மூன்றாம் மாடியில் இருந்தது.

கோயம்புத்தூர் அவிநாசி ரோட்டில், சன்னலே இல்லாத ஒரு மாலுக்குள் இருந்தது 'செல்லக்கூடு'. நாடு முழுக்க அதற்குக் கிளைகள். எல்லாக் கிளையிலும் ஒரே நீல விளக்கு, ஒரே பாட்டு, ஒரே அளவுக் கண்ணாடிப் பெட்டிகள். பெட்டிக்குள் பாம்பு, பல்லி, ஆமை. பெட்டிக்கு வெளியே சீருடை போட்ட விற்பனையாளர்கள். யார் காட்சிக்கு இருக்கிறார்கள் என்பது சில சமயம் வாடிக்கையாளர்களுக்கே குழம்பிவிடும்.

கடையில் அதிகம் போன சரக்கு 'ஒருகை' ரகம். அதற்கு முன்பெல்லாம் ஊர்வனவற்றை வாங்கிப்போனவர்கள் ஒரே குறையைத்தான் சொன்னார்கள். பூனை வாலை ஆட்டுகிறது, நாய் ஓடி வருகிறது, இந்த ஜந்து என்னை யாரென்றே கேட்கமாட்டேன் என்கிறதே என்று. காசு கொடுத்து வாங்கிய உயிர் தன்னைக் கண்டுகொள்ளவில்லை என்பதை மனிதர்கள் பொறுத்துக்கொள்வதில்லை. கம்பெனி யோசித்தது. முட்டைக்குள் இருக்கும்போதே ஏதோ ஒரு மரபணுவைத் திருத்தியது. பிறகு பிறந்த பல்லிகளும், கொங்குப் பக்கம் ஒடக்கான் என்கிற ஓணான்களும், ஆமைகளும், முதன்முதலில் எந்த வெறுங்கை தாடையின் கீழ் படுகிறதோ, அந்தக் கையின் சூட்டையும் வாசத்தையும் நாடித்துடிப்பையும் மனசில் வாங்கிக்கொண்டன. அப்புறம் அந்தக் கை கொடுத்தால்தான் சாப்பாடு. வேறு எவர் கொடுத்தாலும் அது சாப்பாடு என்றே அவற்றுக்குத் தெரியாது.

'உங்களை மட்டுமே அறியும் உயிர்' என்று விளம்பரம் செய்தார்கள். சரக்கு பறந்தது.

அதனால் கடைக்காரர்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. கையுறையைக் கழற்றக்கூடாது. பெட்டியின் மூலையில் ஒரு சின்ன விளக்கு வெள்ளையாக எரிந்தால் சரக்கு புதுசு. சிவப்பாகிவிட்டால் அது யாரோ ஒருவருடையது.

சென்னியப்பனின் அப்பா குப்பண்ணன் குன்னத்தூர் சந்தையில் மாட்டுத் தரகர். மாடு வாங்குகிறவனோடு போகும், பணம் விற்கிறவனோடு போகும், தரகன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீடு திரும்புவான். மகனுக்கு அந்தப் பிழைப்பு வேண்டாம் என்று அவர்தான் மாலுக்கு அனுப்பினார். இங்கேயும் அதேதான் நடந்தது, துண்டுதான் இல்லை.

வயது முப்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. பெண் வீட்டார் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்கும்போது, புரோக்கர் 'உயிரியல் துறை' என்று சொல்லிப் பார்ப்பார். அவர்கள் இன்னொரு கேள்வி கேட்டால் கதை முடிந்துவிடும். கடைசியில் கோபிசெட்டிபாளையத்தில் ஒரு இடம் அமைந்தது. பெண் பெயர் மேகலா, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்த்தாள். சென்னியப்பனின் அக்கா புருஷன் ஓமானில் சலாலாவில் ஒரு கால்நடைப் பண்ணைக்கு ஆள் எடுக்கச் சொல்லி, அவனுக்கு விசாவும் வந்திருந்தது. ஆடு, ஒட்டகம் வாங்கி விற்கும் வேலை. அசல் பேரம். அவன் கிளம்பினால்தான் நிச்சயதார்த்தம் என்பது மேகலாவின் அப்பா போட்ட கண்டிஷன். மேகலா போனில் கலகலவென்று பேசுவாள். ஒடக்கானை நம்பி இருக்கிற ஆளைவிட ஒட்டகத்தை நம்பி இருக்கிற ஆள் மேல் என்று தன் அப்பா சொல்வதாகச் சொல்லிச் சிரித்தாள்.

இப்படி எல்லாம் கூடி வந்த சமயத்தில்தான் பொங்கியண்ணன் கடைக்குள் வந்தார்.

வெள்ளை வேட்டி, தோளில் கனத்த துண்டு, காலில் தோல் செருப்பு. மகன் காரை நிறுத்தப் போயிருந்தான். பேத்தி 'டிராகன்' வேண்டும் என்று அடம்பிடிப்பதாகச் சொன்னார். சென்னியப்பன் ஒருகை ரகத்தில் தாடி வைத்த ஓணான் ஒன்றைக் காட்டினான். மணல் நிறம், பெருவிரல் பருமன், சூட்டு விளக்கின் கீழ் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது. அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"நம்மூரு ஒடக்கானுக்குத் தாடி ஒட்டுனாப்ல இருக்குது. இதுக்கா தம்பி இந்த வெல?"

விலை கம்பெனி வைத்தது, குறைக்க முடியாது என்று அவன் சொன்னான். பேரம் பேசாமல் வாங்கிய உயிர் வீட்டில் தங்காது என்று அவர் சொன்னார். மூடியைத் திறக்கச் சொல்லி வயிற்றைப் பார்த்தார், வால் மூட்டைப் பார்த்தார், மாட்டுக்குப் பார்ப்பது போலவே எல்லாம் பார்த்தார். பேச்சோடு பேச்சாக ஊரை விசாரித்தவர், குப்பண்ணன் மகன் என்று தெரிந்ததும் நிமிர்ந்தார்.

"உங்கப்பன் விரலப் புடிச்சுத்தாண்டா நான் மொத சோடி காளை வாங்குனேன். அவன் பையன் என்னப் பாத்து சீட்டுல எழுதிருக்குங்கறியே."

சொல்லிக்கொண்டே தோள் துண்டை எடுத்தார். சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்கு அடியில் இருவர் கையும் கோத்துக்கொள்ளும், விரல்தான் பேசும், சுற்றி நிற்பவனுக்கு எதுவும் தெரியாது. துண்டை விரிக்க அவருக்கு அங்கே வேறு இடமில்லை, திறந்திருந்த பெட்டியின் மேலேயே போட்டார். சென்னியப்பனுக்கு விலை குறைக்கும் அதிகாரம் எதுவும் கிடையாது, பண்டிகைத் தள்ளுபடி என்று ஒரு பொத்தான் இருந்தது, அவ்வளவுதான். ஆனாலும் கை தானாகத் துண்டுக்குள் போனது. அவர் ரப்பரைத் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டார்.

"பொணத்துக் கையப் புடிச்சாப்ல இருக்குது. கழட்டு."

கழற்றினான்.

பல வருஷமாக வாய் கட்டிக் கிடந்த விரல்கள் பேச ஆரம்பித்தன. அவர் ஒரு விரலை அழுத்தினார், அவன் உதறினான். அவர் இரண்டைச் சேர்த்துப் பிடித்தார், அவன் உள்ளங்கையைச் சுரண்டி, வீட்டில் சாப்பிட வேண்டாமா என்று கேட்டான். இருவர் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. அவனுக்கு மனசு நிறைந்திருந்தது. அப்படியே பேரம் இறுகி வரும்போது மூன்றாவதாக ஒரு ஆள் பேச்சில் கலந்துகொண்டது. சொரசொரவென்று, குளிர்ச்சியாக, உள்ளங்கையில் ஏறி, தாடையை வைத்து அழுத்திப் படுத்துக்கொண்டது. இருட்டும் சூடும் கண்டால் ஊர்வன வரும் என்று தினமும் வாடிக்கையாளர்களுக்குச் சொல்கிறவன் அவன்தான்.

துண்டை எடுத்தபோது பெட்டி விளக்கு சிவப்பாக எரிந்தது.

பொங்கியண்ணன் ஓணானையும் பார்த்தார், அவன் முகத்தையும் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "வெல படிஞ்சுது தம்பி. ஆனா உன்ற கைக்குப் படிஞ்சிருக்குது," என்று சொல்லிவிட்டு, பேத்திக்கு ஒரு பொம்மை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

கிளை மேனேஜர் ஜெஸிந்தா திட்டுவாள் என்று சென்னியப்பன் எதிர்பார்த்தான். திட்டவில்லை. அவனைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவள். சிரிப்பதும் அதட்டுவதும் ஒரே குரலில்தான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வரச் சொன்னாள். சரக்கறைக்குப் பக்கத்தில் அவன் இதுவரை நுழையாத ஒரு அறை இருந்தது. திரும்பி வந்தவை அங்கே இருந்தன.

பையன் ஹாஸ்டலுக்குப் போய்விட்டான் என்று ஒன்று, அப்பாவுக்கு மாற்றல் என்று ஒன்று, குடும்பமே ஊட்டிக்குப் போய்வந்ததில் இளைத்துவிட்டது என்று ஒன்று. எல்லாவற்றுக்கும் சிவப்பு விளக்கு. எல்லாவற்றுக்கும் தண்ணீரும் சூடும் இருந்தன, சத்துப் பொடி தடவிய வெட்டுக்கிளிகளும் இருந்தன. வால் குச்சியாகிப்போன ஒரு பல்லியின் முகத்தின் மேல் ஒரு வெட்டுக்கிளி ஏறி, கண்ணைத் தாண்டி, தலையில் உட்கார்ந்தது. பல்லி அதைப் பார்க்கவில்லை. கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

பசிக்காதா என்று கேட்டான்.

"பசி இருக்கும். அது எரைன்னு தெரியாது. கை வரும்னு மட்டும் தெரியும்," என்றாள் ஜெஸிந்தா.

கம்பெனி சட்டத்தை அவள் சுருக்கமாகச் சொன்னாள். ஊழியர் கை பட்ட சரக்கும் கம்பெனி சொத்துதான், வெளியே கொண்டுபோகக்கூடாது. அவன் தினமும் வந்து ஊட்டினால் அது இருக்கும், இல்லையென்றால் இந்த அறையில் இருப்பவற்றின் கதிதான். வேலையை விட்டுப் போவதை யாரும் தடுக்கமாட்டார்கள். கதவு எப்போதும் திறந்தேதான் இருக்கிறது.

அடுத்த சில வாரங்கள் அவன் தப்பிக்கப் பார்த்தான். கையுறையைக் கக்கத்தில் வைத்துச் சூடாக்கி ஊட்டினான். தன் சட்டையை இன்னொரு விற்பனையாளர் கையில் சுற்றி நீட்டச் செய்தான். இடுக்கியின் முனையில் தன் வியர்வையைத் தடவினான். ஓணான் எல்லாவற்றையும் மரியாதையாக நிராகரித்தது. ஒரு வாரம் மனசைக் கல்லாக்கிக்கொண்டு அவன் பின்னறைக்குப் போகவே இல்லை. போனபோது அதன் கண்கள் உள்ளே போயிருந்தன, தாடி தோல்பையாகத் தொங்கியது. அவன் கையை நீட்டுவதற்கு முன்பே, காலடிச் சத்தத்துக்கே, கண்ணாடியில் முன்னங்கால்களை வைத்து எழுந்து நின்றது.

அன்றிலிருந்து ஒழுங்காக ஊட்டினான். கடை கொடுக்கிற செம்மணலைத் தின்று குடல் அடைத்துச் சாகிற ஓணான்களைப் பற்றி ஜெஸிந்தா சொன்னாள். மணலைக் கொட்டிவிட்டுச் செய்தித்தாளை விரித்தான். சூட்டு விளக்கைப் பெட்டியின் ஒரு பக்கத்துக்கு மாற்றி, மறுபக்கம் நிழல் வைத்தான். அட்டையில் அச்சிட்டு வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கிற பராமரிப்புக் குறிப்பில் இதெல்லாம் இருக்காது. குறிப்பு எழுதினவர்கள் மணலும் விற்கிறவர்கள்.

ஓணான் தேறியது. அவன் உள்ளங்கையில் தாடையை வைத்துத் தூங்கியது. சலாலாவுக்கு டிக்கெட் போட வேண்டிய நேரம் நெருங்கியது. மேகலா, ஓணானைப் பற்றிக் கேட்டுவிட்டு, அவனுக்குக் கல்யாணத்துக்கு முன்பே ஒரு குடும்பம் அமைந்துவிட்டதே என்று கிண்டல் செய்தாள். அவள் குரலில் கிண்டல் கொஞ்சம் குறைந்துகொண்டே வந்தது. ஒரு தடவை கிண்டலே இல்லாமல், அவன் வருவானா மாட்டானா என்பதை அப்பாவுக்கு முன்னால் தனக்குச் சொல்லிவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். வருகிறேன் என்று சத்தியம் பண்ணினான்.

பிறகு நேராக ஜெஸிந்தாவிடம் போனான். தரகன் மகன்; எதிராளி ஒன்றை மறைக்கிறாள் என்பது விளக்கு சிவந்த அன்றே அவனுக்குத் தெரியும். அவள் ஏன் திட்டவில்லை? இத்தனை வருஷத்தில் ஏன் பதவி உயர்வோ மாற்றலோ வாங்கிப் போகவில்லை? சுற்றி வளைத்து எல்லாம் பேசிப் பார்த்தான். கடைசியில் அவள் தன் அறைக் கதவைச் சாத்தி, மேசைக்கு அடியில் இருந்த பெட்டியைக் காலால் வெளியே தள்ளினாள். உள்ளே ஒரு ஆமை. சிவப்பு விளக்கு.

"நானும் அப்பிடித்தான். கையுறை கிழிஞ்சிருந்தது, கவனிக்கலே."

"இது எத்தன வருசம் இருக்குமுங்க மேடம்?"

"எனக்கப்பறமும் இருக்கும்."

அவள் கையை நீட்டினாள், ஆமை தலையை நீட்டியது. ஒரு கீரைத்தண்டை ஊட்டிக்கொண்டே, அவன் கேட்க வந்ததைச் சொன்னாள். கையை அடையாளம் காண்கிற நரம்பெல்லாம் தாடையின் தோலுக்குள்தான் இருக்கிறது. ஓணான் சட்டை உரிக்கிற நாளில் அதுவும் புதுசாகிறது. அன்று எந்தக் கை படுகிறதோ அந்தக் கைக்கு மறுபடி பூட்டிக்கொள்ளும். எந்தக் கையும் படாமல் கடைசித் துண்டுத் தோலும் விழுந்துவிட்டால் பூட்டே இருக்காது. ஊர்ந்துபோகிற எதையும் தானே பிடித்துத் தின்னும். யாருடையதும் இல்லை. திரும்பி வந்தவற்றின் அறையில் இருப்பவை பட்டினியில் சட்டை உரிப்பதே இல்லை, அதனால் அவற்றுக்கு அந்த நாள் வருவதில்லை. ஆமைக்கு ஓணான் மாதிரிச் சட்டையும் கிடையாது.

"கம்பெனிக்கு இது தெரியாதுங்களா?"

"தெரியும். அதனால அவங்களுக்கு நட்டம் வந்ததில்ல."

ஏன் என்று அவன் கேட்கவில்லை. வெளியே போகும் வழி தெரிந்தவன் கதவு எந்த மரத்தில் செய்தது என்று கேட்பதில்லை. பூட்டு விட்ட ஓணானை என்ன செய்வது என்று மட்டும் கேட்டான். தானே தின்கிற ஓணானைத் தன் வீட்டில் வளர்க்கத் தயாராக ஒரு பள்ளி வாத்தியார் இருப்பதாகவும், சரக்கு செத்துவிட்டதாகத் தான் எழுதிக்கொள்வதாகவும் ஜெஸிந்தா சொன்னாள். அவன் அங்கேயே நின்று மேகலாவுக்குப் போன் செய்து டிக்கெட் போடச் சொல்லிவிட்டேன் என்றான். அவள் சிரித்ததைக் கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டிருந்தான்.

தோல் வெளுத்து, மங்கி, காகிதம் போலாயிற்று. கடை விடுமுறை நாளாகப் பார்த்து ஓணான் உரிக்கத் தொடங்கியது. ஜெஸிந்தா பின்னறையைத் திறந்துவிட்டு, பெட்டிப் பக்கமே கையைக் கொண்டுபோகக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனாள். அவன் கையுறை போட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தான்.

முதுகில் வெடித்தது. தோள் வந்தது. ஓணான் கல்லில் உரசி, தலைக்கு மேல் தோலைத் தள்ளியது, தாடியிலிருந்து ஒரு துணுக்கு உதிர்ந்தது. உள்ளே இருந்த நிறத்தை அவன் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆரஞ்சுச் சுளையின் நிறம். நடுநடுவே அவன் பக்கம் பார்த்தது. வழக்கம்போலக் கண்ணாடியில் கால் வைத்து எழுந்தது. அவன் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டான்.

மதியம் கழிந்து, வால் தோலும் கழன்றது. அவன் இடுக்கியால் ஒரு வெட்டுக்கிளியை உள்ளே விட்டான். அது செய்தித்தாளில் தத்தித் தத்திப் போயிற்று. ஓணான் தலையைச் சாய்த்தது. இதுவரை காணாத ஒன்றைக் காண்பது போல அதைப் பின்தொடர்ந்தது. ஒரே பாய்ச்சல். மெல்லுகிற சத்தம் கண்ணாடி தாண்டிக் கேட்டது.

முடிந்தது. சென்னியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது, சந்தோஷம்தான். இன்னொன்று விட்டான். அதையும் பிடித்தது. விளக்கு சிவப்பிலிருந்து வெளுத்துக்கொண்டிருந்தது. அவன் எழுந்து பெட்டியின் இந்தப் பக்கம் வந்தான், அந்தப் பக்கம் போனான், காலைத் தரையில் தட்டினான். ஓணான் ஒருமுறை அவனைப் பார்த்தது. சுவரைப் பார்ப்பது போல, சூட்டு விளக்கின் கம்பியைப் பார்ப்பது போல. பிறகு மூன்றாவது வெட்டுக்கிளி எங்கே இருக்கிறது என்று தேடப் போயிற்று.

அவன் மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தான். மாலில் எங்கோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அதைக் கவனித்தான். பின்னங்காலில், நீள விரலின் நுனியில், பழைய தோல் ஒரு வளையமாக மாட்டிக்கொண்டிருந்தது. அது காய்ந்து இறுகினால் ரத்தம் ஓடாது, விரல் கருத்து விழும். குனிந்து பார்த்தான். கண்ணாடியில் மூக்கு படும் அளவுக்குக் குனிந்து பார்த்தான்.

ஜெஸிந்தா வந்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது. கையுறைகள் தரையில் கிடந்தன. சென்னியப்பன் பெட்டியின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, முழங்கை வரை உள்ளே விட்டிருந்தான். ஆரஞ்சு நிற ஓணான் அவன் உள்ளங்கையில் தாடையை அழுத்திப் படுத்திருந்தது. விளக்கு சிவப்பாக எரிந்தது. பக்கத்தில் அவன் போன் அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது.

"ஒரு விரல்ல தோலு மாட்டிக்கிச்சுங்க மேடம்," என்றான், அவளைப் பார்க்காமல். "உட்டா விரலு போயிருமுங்க."

அவள் கையுறைகளைப் பொறுக்கி மேசையில் வைத்தாள்.

"ஈரத்துணி போட்டு வச்சா நாளைக்கு அதுவே விழும். நீதான் வர்றவங்களுக்கெல்லாம் சொல்லுவ."

"தெரியுமுங்க."

ஜெஸிந்தா இன்னொரு ஸ்டூலை இழுத்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். போன் ஒருவழியாக நின்றது.

"எல்லாத்துக்கும் ஒரு விரல் மாட்டுது சென்னி," என்றாள். "உனக்கு முன்னால நாலஞ்சு பேரு இந்த ஸ்டூல்ல உக்காந்திருக்காங்க. ஒருத்தருக்கும் ஒரு விரல் மாட்டாமப் போனதில்ல."